அங்கனன்னா எங்கன?

“...ஊர்ப் பேரைச் சொல்றது எப்படித் தம்பி காப்பியடிக்கிறதுல சேரும்? சாத்தூர்ல நின்னுக்கிட்டு இருக்கன்குடின்னு சொன்னா அது குத்தமா? வெள்ளிக்கிழமையானா மாரியம்மன் கோயிலுக்குப் போற அம்புட்டுப் பேரும் இந்த ரோட்டுல அதைத்தானே சொல்லிட்டுப் போறாக!”

டீச்சர் இதை என்னிடம் கேட்டது சாத்தூரில், ஒரு பள்ளிக்கூடத்தின் பக்கச் சுவரை ஒட்டி நின்றுகொண்டு. உள்ளே பத்தாம் வகுப்பு அறிவியல் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. சுவரைத் தாண்டி முதல் ஜன்னலுக்குள் பேச்சியம்மாக்கா பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டிருந்தார் என்பது தப்பு. அவருக்குக் கண் தெரியாது. அவர் வாயால் சொல்லச் சொல்ல, அதற்கென்று போட்டிருந்த ஒரு வாத்தியார் எழுதிக்கொண்டிருந்தார். அப்படிச் சொல்லிக்கொண்டே வந்த குரல் ஒரு பதிலின் நடுவில் நின்றுபோயிருந்தது.

பரீட்சை நாளில் ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் ரப்பர் வாங்கினால்கூட, அதைக் கையில் வாங்கி நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுக்கிற மனுஷி டீச்சர். அப்பேர்ப்பட்டவர் செல்போன் கடைக்காரனான என்னிடம் வந்து காப்பியடிப்பதற்கு எல்லைக்கோடு எது என்று கேட்கும்படி ஆகிவிட்டது. அது எப்படி ஆனது என்று சொன்னால்தான் அடுத்து அவர் செய்ததன் அருமை உங்களுக்குப் பிடிபடும்.

வெம்பக்கோட்டைப் பக்கம், சாத்தூர் போகிற ரோட்டில் என் கடை. வாசலை ஒட்டித்தான் பஸ் நிற்கும். டீச்சர் முதன்முதலில் அங்கே வந்தது, கொரோனாவுக்காகப் பூட்டிய பள்ளிக்கூடங்களை இன்னும் திறக்காத காலத்தில். போனில் மைக் சரியில்லை என்று வந்தார். நான் ஒரு போனைப் பிரித்துப் போட்டு அதற்குள் தலையைக் கவிழ்த்திருந்தேன். நிமிராமலே, “அங்கன வச்சுட்டுப் போங்க டீச்சர், சாயங்காலம் வாங்க” என்றேன்.

ஆள் நகரவில்லை.

“அங்கனன்னா எங்கன?”

விரலை நீட்டினேன்.

“விரலுக்கு வாய் கிடையாது தம்பி. வாயால காட்டுங்க.”

“கண்ணாடிப் பெட்டி மேல டீச்சர்.”

“அது நீளமாப் படுத்துல்லா கிடக்கு. அதுல எந்த எடம்?”

“கால்குலேட்டருக்குப் பக்கத்துல.”

“வலமா, இடமா?”

எனக்கு எரிச்சலாகிவிட்டது. “எனக்கு வலமா, ஒங்களுக்கு வலமா டீச்சர்?” என்றேன்.

அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! பரிசு கொடுக்க வந்தவர் மாதிரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அப்படிக் கேளுங்க! இந்த ஒரு கேள்வியைக் கேக்காமத்தான் ஊர்ல அம்புட்டுப் பேரும் ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டிட்டுத் திரியுதாக” என்றார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகம்.

ஊரில் அவருக்கு ‘எங்கன டீச்சர்’ என்று பேர். அவர் காதுபடவே சொல்லுவார்கள். அவர் கோபப்பட்டதில்லை. ஒருமுறை முட்டிவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர், “எங்கம்மா வலிக்குது?” என்று கேட்டதும், எல்லாரையும் போல இங்கன என்று தொட்டுக் காட்டியிருக்கலாம். இவர் கையைக் கட்டிக்கொண்டு, “வலது முட்டிச் சில்லுக்குக் கீழ, உள்பக்கமா, ஒரு புளியங்கொட்டை அகலத்துக்கு, படி ஏறுறப்ப இல்ல, எறங்குறப்ப மட்டும்” என்றிருக்கிறார். டாக்டர் எழுந்திரிக்காமல், முட்டியைத் தொடாமல், மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்து என்னிடம் ஒரே புலம்பல்: “நல்லாச் சொன்னது தப்பாப் போச்சு தம்பி. அரைகுறையாச் சொன்னவுகளை எல்லாம் படுக்க வச்சுப் பாக்காரு.”

வெளியூர்க்காரர் ஒருவர் என் கடை வாசலில் நின்று தபாலாபீஸுக்கு வழி கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் டீச்சர் தொடங்கிவிட்டார். “நேரா நடங்க. எண்ணெய் காயுற வாசம் வரும், அது வடைக்கடை. அதைத் தாண்டுனதும் வலது காதுல அச்சு மெஷின் சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் முதுகுப் பக்கம் போனதும் நின்னுக்கோங்க. காலுக்கடியில தார் போயி சிமெண்டு வரும். அந்தச் சிமெண்டு தபாலாபீஸோடது.”

“யம்மா, எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்” என்றார் அந்த மனிதர்.

“தெரியட்டுமே. காதையும் கூடக் கூட்டிட்டுப் போனா கண்ணு கோவிச்சுக்கவா போகுது?”

இந்தப் பழக்கம் அவரோடு பிறந்ததில்லை. பள்ளிக்கூடத்தைப் பூட்டும் வரைக்கும், கரும்பலகைக்கு முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பாடம் நடத்திய சாதாரண டீச்சர்தான் அவர். பள்ளிக்கூடத்தைப் பூட்டியதும், பிள்ளைகளை விடக்கூடாது என்று போனைப் பிடித்தார். காலையில் எல்லா வீட்டு எண்ணையும் ஒரே அழைப்பில் சேர்த்துக் கூப்பிட்டுப் பாடம் நடத்துவது என்று திட்டம். திட்டத்தில் ஒரு ஓட்டை. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு போன் இருந்தாலே பெரிது. அதுவும் காலையில் அம்மாவோடோ அப்பாவோடோ பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விடும். கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள், வெடிமருந்து இருக்கிற இடம். கேட்டிலேயே வாட்ச்மேன் வாங்கி ஒரு மரப்பலகைத் தட்டில் வரிசையாக வைத்துக்கொள்வார்.

ஆக, டீச்சர் வகுப்பைக் கூப்பிட்டதும் கம்பெனி கேட்டில் தட்டு முழுக்க மணி அடித்தது. முதலாளி கார் வருகிற நேரம். வாட்ச்மேன் பயந்துபோய் ஒவ்வொரு போனாக எடுத்து “அலோ, அலோ” என்றார். டீச்சர் அதை ஆஜர் என்று எடுத்துக்கொண்டார். பிள்ளைகளுக்கெல்லாம் ஒரேயடியாகத் தொண்டை கட்டியிருக்கிறது என்றுகூட நினைத்தாராம். அன்றைக்குப் பின்னப் பெருக்கல் முழுவதையும் வாட்ச்மேன்தான் படித்தார். சாயங்காலம் டீச்சருக்கு அவரே போன் போட்டு, “நீங்க சொன்னது நல்லா வெளங்குச்சுங்க. ஆனா நாளைக்கு லோடு லாரி வருது, நான் லீவு” என்றார்.

அதற்குப் பிறகுதான் டீச்சர் பாடத்தைப் பேசிப் பதிந்து, சாயங்காலம் போன் வீடு திரும்புகிற நேரத்துக்கு அனுப்பத் தொடங்கினார். பிள்ளைகள் சத்தமாகப் போட்டுக் கேட்டன. தெருவே கேட்டது. அந்தத் தெருவில்தான் பேச்சியம்மாக்கா இருந்தார். எட்டாவது பாஸ், ஒன்பதாவதில் பார்வை மங்கி, பிறகு முழுக்கப் போய், பள்ளிக்கூடம் நின்றுபோனவர். நாற்பது வயசுக்காரர். பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுவது வேலை. கை உருட்டிக்கொண்டே இருக்கும், காது அடுத்த வீட்டுப் பாடத்தில் இருக்கும்.

ஒரு நாள் அவர் அந்த வீட்டுப் போனை வாங்கி டீச்சரைக் கூப்பிட்டார்.

“டீச்சர், படத்துல பாருங்க, அம்புக்குறி இங்கன இருந்து அங்கன போகுதுன்னு சொல்லிருக்கீகளே. எங்கன இருந்து எங்கன போகுது?”

“அது புத்தகத்துலயே இருக்கும்மா. எடுத்துப் பாருங்க.”

“புத்தகம் மடியிலதான் இருக்கு டீச்சர். கண்ணுதான் இல்ல.”

டீச்சர் அன்றைக்குத் தான் அனுப்பிய பாடங்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார். ‘இங்கன பாரு, இதுல இருந்து அதுக்குப் போனா இது வரும்.’ பாடம் பூராவும் இப்படித்தான். அதற்கு மறுவாரம்தான் மைக் சரியில்லை என்று என் கடைக்கு முதலில் வந்தது. சிநேகமான பிறகு சொன்னார்: “தம்பி, நான் இத்தனை வருசமாப் பாடம் நடத்தலை. கையை ஆட்டிட்டு நின்னுருக்கேன்.”

அம்புட்டையும் அழித்தார். முதலிலிருந்து மறுபடி பேசத் தொடங்கினார்.

எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை, அதனால் கொஞ்ச நாளைக்கு ஒரு பைத்தியமும் பிடித்திருந்தது. கண் தெரியாதவர் கேட்கிற பாடத்தில் ‘பார்’ என்ற சொல்லே வரக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். தமிழில் அதைச் செய்ய முயன்றவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ‘கூட்டிப் பாருங்கள்’ போச்சு. ‘சரிபார்க்க’ போச்சு. ‘முயன்று பாருங்கள்’ என்று சொல்லவந்து, நாக்கைக் கடித்து, “முயன்று... முயன்றுகொண்டே இருங்கள்” என்று முடித்தார். என் கடைப் பலகையில் ‘செல்போன் பழுது பார்க்கப்படும்’ என்று இருந்ததை ஒரு நாள் நின்று படித்துவிட்டு, “தம்பி, ‘பழுது நீக்கப்படும்’னு மாத்துனா என்ன?” என்றார். பலகை எழுதுகிற ஆளிடம் நான் சொல்லியும் வைத்துவிட்டேன்.

இந்தச் சட்டத்தை முறித்தது பேச்சியம்மாக்காதான். டீச்சர் போனில், “இந்த வார்த்தையால ஒங்க மனசு கஷ்டப்படக் கூடாது பாருங்க...” என்று தொடங்கி, ஐயோ என்று நிறுத்தியதும், அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிப்பு.

“என்ன டீச்சர் நீங்க! நான் தொட்டுப் பாப்பேன், மோந்து பாப்பேன், ருசி பாப்பேன், ராத்திரிக்கு டிவியும் பாப்பேன். எம் மகளுக்கு மாப்பிள்ளை பாத்ததே நாந்தான். எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கண்ணும் இருக்கு, அவரு என்னத்தப் பாத்தாரு? எனக்கு ‘பாரு’ எல்லாம் ஒண்ணும் செய்யாது டீச்சர். இந்த அங்கன இங்கன இருக்கு பாருங்க, அதை மட்டும் எடுத்துருங்க. அதான் என்னைத் தடுக்கி விடுது.”

மாப்பிள்ளை பார்த்த கதையில்தான் விஷயம் இருந்தது. மகளுக்கு ஆவணியில் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகையில் போட வேண்டிய பெயர்களைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எல்லாப் பெயருக்கும் பின்னால் ஒரு வால். பி.ஈ., எம்.சி.ஏ., பி.எட். தாய்மாமனுக்குக்கூட ஏதோ டிப்ளமோ. பெண் வீட்டுப் பக்கம் வந்தால் பேச்சியம்மாள் என்று வெறும் பெயர்.

“மொட்டையாக் கிடக்கு டீச்சர்,” என்றார் பேச்சியம்மாக்கா. “நான் என்ன கலெக்டரா ஆகப் போறேன்? எம் பேருக்குப் பின்னாடி எஸ்.எஸ்.எல்.சி.ன்னு வரணும். அம்புட்டுத்தான். சபையில பத்திரிகை வாசிக்கயில அந்த நாலு எழுத்தும் என் காதுல விழணும்.”

டீச்சர் சிரிக்கவில்லை. சிவகாசியில் பத்திரிகை அடிக்கிறவரிடம் அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பரீட்சை முடிவு மே மாதம் வந்துவிடும், அதுவரை பொறுக்கச் சொன்னார். அச்சுக்காரர் மாதிரிக்கு அடித்துக் கொடுத்த தாளில், பேச்சியம்மாள் என்பதற்குப் பின்னால் ஒரு விரல் அகலத்துக்குக் காலியிடம் விட்டிருந்தது. டீச்சர் அந்தத் தாளை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அக்காவுக்கென்று கடையிலிருந்து ஒரு பழைய போனைக் கொடுத்துவிட்டு, பத்தாம் வகுப்புப் பாடங்களை என் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் பதிந்தோம். டீச்சர் வீட்டுக்குப் பக்கத்தில் மாவு மில். என் அறையில் சாக்கு, அட்டை எல்லாம் கட்டித் தொங்கவிட்டுப் பேசினால் குரல் நன்றாக விழும். ஒரே ஒரு குறை, பஸ். அது எந்த நேரம் வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாது.

ஒளிச்சேர்க்கைப் பாடம் பதிந்தபோது அதுதான் நடந்தது. டீச்சர் அழகாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்: “இலைக்கு அடிப்பக்கம் விரலால தடவுனா தெரியாது, அம்புட்டுச் சின்னச் சின்ன வாசல் இருக்கு. அந்த வாசல் வழியாக் கரியமில வாயு...”

“இருக்கன்குடி, இருக்கன்குடி, இருக்கன்குடி! உள்ள போ, உள்ள போ!” என்றது வெளியே கண்டக்டர் குரல்.

டீச்சர் சமாளித்து, “அதே வாசல் வழியா ஆக்சிஜன்...” என்றார்.

“படியில நிக்காத! எறங்குறவுகளுக்கு வழி விடு, வழி விடு!”

மறுபடி பதியலாம் என்றேன். டீச்சர் கேட்டுவிட்டு, “இருக்கட்டும் தம்பி. என்னை விட அவரு நல்லா நடத்திருக்காரு” என்றார்.

அது எவ்வளவு உண்மை என்று பிறகுதான் தெரிந்தது. பேச்சியம்மாக்கா சொன்னார்: “டீச்சர், ஒவ்வொரு பாடத்துலயும் ஒரு சத்தம் கிடக்கு. மின்சாரத்துல ஒரு எடத்துல குக்கர் விசிலடிக்கும், அதுக்கு அந்தாண்ட ஓம் விதி. அமிலம் காரத்துல இந்தத் தம்பி தும்மும். நான் அதைப் பிடிச்சுத்தான் நடக்கேன். செவுத்தைப் பிடிச்சு நடக்க மாதிரி.”

நான் எந்த இடத்தில் தும்மினேன் என்பது எனக்கே தெரியாது. அந்தத் தும்மலை நம்பி ஒருவர் வேதியியல் படித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் சும்மா இருப்பாரா? தலைப்புக்குத் தலைப்பு ஒரு சத்தம் என்று நாங்கள் தேடிப் பிடிக்கத் தொடங்கினோம். சர்ச் மணி, அச்சு மெஷின், இஞ்சி தட்டுகிற சத்தம். பெரிய தலைப்புக்கு ஏதாவது கம்பீரமாக வேண்டும் என்று சரவெடி ஒன்றைப் பதிந்து சேர்த்தார். இந்த ஊரிலேயே பிறந்தவருக்கு அது எப்படித் தோன்றாமல் போனதோ! பேச்சியம்மாக்கா ஸ்பீக்கரில் பாடம் போட்ட மறுநொடி தெருவே வாசலுக்கு ஓடிவந்துவிட்டது. சமைத்தவர்கள் கரண்டியோடு நின்றார்கள். எல்லாரும் வானத்தில் புகையைத் தேடினார்கள், கம்பெனியில் இருக்கிற ஆளுக்குப் போன் போட்டார்கள். அந்தப் போன்கள் எல்லாம் வாட்ச்மேன் தட்டில் கிடந்து அடித்தன. மற்ற ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் இனிப்பு ஞாபகம் வரும். எங்களுக்கு யார் இன்னும் வீடு திரும்பவில்லை என்பதுதான் முதலில் வரும்.

டீச்சர் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். ஒரு அம்மா மட்டும், “எந்தப் பாடம் டீச்சர் வெடிச்சது?” என்று கேட்டார். “வரலாறு” என்றார் டீச்சர், தலையைக் குனிந்துகொண்டு. அந்த இடத்தில் மறுநாளே குயில் கூவ ஏற்பாடு செய்தோம்.

இதெல்லாம் எப்படியோ வெளியே பரவி, சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. பார்வையற்றோருக்கான செயலி, டீச்சர் குரலில், தமிழ்நாடு முழுமைக்கும். கழுத்தில் ஹெட்போன் மாட்டிய ஒரு தம்பி வந்து, என்னிடம் இருந்த பாடங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, இடம் அடைக்கிறது என்று பழைய மெமரி கார்டில் இருந்ததையும் அழித்துக் கொடுத்தார். பேச்சியம்மாக்கா போனிலும் அவரே செயலியைப் போட்டு, பழையதை எடுத்துவிட்டார். நல்ல பிள்ளை. பேச்சில்தான் ஒரு சங்கடம்.

“இப்ப பாத்தீங்கன்னா மேம், நம்ம ஆப்ல பாத்தீங்கன்னா, எல்லாமே பாத்தீங்கன்னா கிளீனா இருக்கும்.”

“யாரு தம்பி பாக்கப் போறா?” என்றார் டீச்சர்.

சில நாளில் பேச்சியம்மாக்காவின் போன் வந்தது. குரலே சரியில்லை. “டீச்சர், பாடத்துல ஆளே இல்லையே! கண்டக்டரைக் காணோம், குக்கரைக் காணோம். நீங்க மட்டும் தனியா நின்னு பேசிட்டு இருக்கீக. எங்கன நிக்கேன், எங்கன திரும்பணும்னு ஒண்ணும் பிடிபடலை. வெறும் பொட்டல்ல விட்ட மாதிரி இருக்கு.” பரீட்சைக்கு அப்போது அதிக நாள் இல்லை.

டீச்சர் ஹெட்போன் தம்பியைப் பிடித்தார். பக்கத்தில் நானும் இருந்தேன்.

“கண்டக்டரை எங்க போட்டீக?”

“அது பாத்தீங்கன்னா இரைச்சல் மேம். டெலீட் பண்ணிட்டோம்.”

“ஒரு மனுசரை டெலீட் பண்ண ஒங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?”

“மேம், ரொம்ப மெனக்கெட்டுத்தான் மேம் எடுத்தோம்.”

“அதே மாதிரி மெனக்கெட்டுத் திருப்பி வைங்க.”

திருப்பி வைக்க முடியாது என்று ஆகிவிட்டது. சரி, கண்டக்டரையே கூப்பிட்டு மறுபடி பதிவோம் என்று போய்க் கேட்டோம். அவர் விடுப்பு நாளில் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி, திருநீறு பூசி, என் அறையில் வந்து உட்கார்ந்தார். மைக்கை நீட்டியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அன்பார்ந்த பயணிகளுக்கு வணக்கம். இப்பேருந்து இருக்கன்குடி செல்லும்” என்றார்.

“அப்படி இல்லண்ணே. எப்பவும் போலக் கத்துங்க” என்றேன்.

“படிக்கிறவுக கேக்குற எடத்துல மட்டு மரியாதை இல்லாமக் கத்தச் சொல்றியேலே!” என்று என்மேல் பாய்ந்தார். எத்தனை முறை கேட்டும் பயணிகளுக்கு வணக்கம்தான். போகும்போது, “எப்ப வெளியாகும்?” என்று வேறு கேட்டுவிட்டுப் போனார்.

டீச்சர் பேச்சியம்மாக்கா வீட்டுக்கே போய் உட்கார்ந்து, விட்ட இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். அக்கா எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார். அறிவியலில் மட்டும் அங்கங்கே நின்று நின்று வந்தது.

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் பேச்சியம்மாக்காவைப் பரீட்சைக் கூடத்தில் விட்டுவிட்டு நாங்கள் கிளம்பியிருக்க வேண்டும். டீச்சர் பக்கச் சுவர் ஓரமாக நடந்து, அக்காவின் குரல் கேட்கிற ஜன்னலுக்கு நேராக வந்ததும் நின்றுவிட்டார். குழாய் உருட்டுகிற பெண்கள் கூட்டத்தில் பேசிப் பழகிய குரல், மெல்லப் பேச அதற்குத் தெரியாது. ஒரு வார்த்தை விடாமல் ரோட்டுக்குக் கேட்டது.

“இலையின் அடிப்பக்கத்தில் சிறிய துளைகள் உள்ளன. அவற்றின் வழியாக...”

நின்றது.

“அவற்றின் வழியாக...”

“அடுத்து என்னம்மா?” என்றது எழுதுகிற வாத்தியாரின் குரல்.

“இருங்க சார். இந்த எடத்துல ஒருத்தரு வருவாரு.”

“பரீட்சை ஹால்ல யாரும் வர முடியாதும்மா.”

டீச்சர் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அந்தப் பத்திரிகைத் தாள் அதற்குள்தான் இருந்தது. அப்போதுதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார், ஊர்ப் பேரைச் சொல்வது எப்படிக் காப்பியடிப்பதில் சேரும் என்று.

“நான் வேணா கத்தட்டுமா டீச்சர்?” என்றேன்.

“வேண்டாம். நாளைக்கு ஆண்டவர் கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுவேன், ஒங்களுக்கும் சேத்துச் சொல்ல முடியாது.” கொஞ்சம் யோசித்தார். “முழுசாச் சொல்ல மாட்டேன் தம்பி. ‘உள்ள போ’ங்கிறது விடை. அது என் வாயில வராது. இருக்கன்குடி மட்டுந்தான். அது ஊரு.”

உள்ளே மறுபடியும், “அவற்றின் வழியாக...” என்றது குரல். இந்த முறை அது கொஞ்சம் உடைந்திருந்தது.

டீச்சர் பையை என் கையில் திணித்தார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். பிரேயரில்கூடக் குரலை உயர்த்திப் பாடாத அந்த மனுஷி, வாயோரம் கையைக் குவித்து, சாத்தூர் ரோடே திரும்பும்படி கத்தினார்:

“இருக்கன்குடி, இருக்கன்குடி, இருக்கன்குடீஈ!”

சுவர் மேல் இருந்த காகங்கள் பறந்தன. ஜன்னலுக்குள் ஒரு சிரிப்பு.

“எழுதிக்கோங்க சார், ஆளு வந்துட்டாரு. அவற்றின் வழியாகக் கரியமில வாயு உள்ளே போகிறது, உள்ளே போகிறது.”

“ஒரு தடவை போதும்மா.”

“ஆக்சிஜன் படியில் நிற்காமல்... அதை அடிச்சுருங்க சார். ஆக்சிஜன் வெளியே வருகிறது. அதற்கு அடுத்து பச்சையம்...”

குரல் ஓட ஆரம்பித்துவிட்டது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் காதை வைத்தார். அதற்குள் ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மஞ்சள் சேலை கட்டிய கூட்டம் ஒன்று, தூக்குவாளியும் பையுமாக, மூச்சு வாங்க ஓடிவந்து எங்களைச் சூழ்ந்துகொண்டது.

“யம்மா, இருக்கன்குடி பஸ்ஸு எங்கன நிக்கி? யம்மா, ஒங்களைத்தான்! எங்கன?”

டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை. சுவரிலிருந்து காதையும் எடுக்கவில்லை. ஒரு கையை மட்டும் ஏதோ ஒரு திசையில் நீட்டி, “அங்கன” என்றார்.